அத்தை தமிழுக்கு மாறியது

எங்கள் வீட்டுப் பேச்சுக்கு எழுத்து கிடையாது. கேட்கப் பாதி கன்னடம் போல இருக்கும், ஆனால் கன்னடக்காரர்களே கேட்டால் முழிப்பார்கள். ஆடு ஓட்டிக்கொண்டு வந்து பென்னாகரத்தைச் சுற்றித் தங்கிவிட்ட சில குடும்பங்களின் பேச்சு அது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகப் போக அது வீட்டை விட்டுப் போய்விட்டது. அப்பா இறந்த பிறகு அதை முழுசாகப் பேசியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி என்னோடு தருமபுரியில் இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா. இன்னொருத்தி நல்லம்பள்ளியில் இருந்த சின்ன அத்தை, அப்பாவுக்கும் அத்தைக்கும் சித்தப்பா மகள். தினமும் காலை ஏழு மணிக்கு இருவரும் போனில் பேசுவார்கள். அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். தெருவுக்குக் கேட்குமே என்று நான் போய் ஜன்னலைச் சாத்துவேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். விழா மேடையில் மூச்சுவிடாமல் செய்யுள் சொல்கிற ஆள். ஆறாம் வகுப்பில் என் வாயில் வீட்டுச் சொல் ஒன்று வந்துவிட்டதற்காக வகுப்பே என்னைப் பார்த்து ஆடு மாதிரி "மே" என்று கத்தியது. நாற்பது வருஷம் ஆகியும் அது காதை விட்டுப் போகவில்லை. அத்தை என்னிடம் எங்கள் பேச்சில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். எனக்கு அது பேசவும் வரும். வராதவன் மாதிரி இருந்தே பழகிவிட்டேன். அத்தை அதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை.

போன தை மாதம் சின்ன அத்தை இறந்துபோனாள்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பாடையை எடுக்குமுன் வயதில் இளையவர் ஒருவர் இறந்தவரின் காதருகே குனிந்து, முறை சொல்லி மூன்று தடவை கூப்பிட்டு, "நாங்கள் நன்றாக இருக்கிறோம், திரும்பிப் பார்க்காமல் போ" என்று எங்கள் பேச்சில் சொல்ல வேண்டும். வேறு பேச்சில் வழியனுப்பினால் முன்னால் போன நம் ஆட்களுக்கு அடையாளம் தெரியாதாம். மூத்தவர் கூப்பிடவே கூடாது. கூப்பிட்டால் மரியாதைக்குக் கட்டுப்பட்டு உயிர் அங்கேயே நின்றுவிடுமாம்.

அத்தை மூன்று வயது மூத்தவள். சின்ன அத்தையின் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. அத்தை என் பக்கம் திரும்பி, "நீ கூப்பிடு கண்ணு" என்று எங்கள் பேச்சில் சொன்னாள். கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. எனக்காக மாலையோடு வந்திருந்த தலைமையாசிரியரும் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க அத்தை" என்றேன், பளிச்சென்று தமிழில். கேட்டது புரியாதவன் இவ்வளவு பொருத்தமாகவா பதில் சொல்வான்? பொய் சொல்லக்கூட எனக்குத் துப்பில்லை.

கூடாது என்று தெரிந்தே அத்தையே குனிந்து தங்கையைக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"அது என்ன பாஷைங்க சார்?" என்று தலைமையாசிரியர் மெதுவாகக் கேட்டார்.

"ஏதோ பழைய ஆளுங்க பேசறதுங்க சார்" என்றேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. பெற்றவர்களைப் பார்த்து யாரோ என்று சொன்னவனும் நானும் ஒன்றுதான்.

மறுநாள் காலையில் அத்தை டம்ளரைக் கொண்டுவந்து வைத்து, "தம்பி, காப்பி ஆறிடும், குடிங்க" என்றாள். தமிழில் சொன்னாள், அதுவும் '-ங்க' போட்டு. துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்தேன். ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. மளிகைக்கடைக்காரரிடம் பேசுகிற அதே தமிழைத்தான் என்னிடமும் பேசினாள். குறை சொல்ல முடியாத மரியாதை. அவள் திட்டியிருந்தால் தேவலை.

போன வாரம் தாங்க முடியவில்லை. அத்தை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் பேச்சிலேயே, அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டேன், பயந்துவிட்டேன், மன்னித்துவிடு அத்தை, என்னோடு பேசு என்று சொன்னேன். ஒரு சொல்லும் தடுக்காமல் வந்தது. அதுவே எனக்குக் கேவலமாக இருந்தது.

அத்தை கத்தியை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டாள். அவள் கண் கலங்கியது.

"எதுக்குங்க தம்பி சிரமப்படறீங்க?" என்றாள். "தமிழ்லயே சொல்லுங்க. எனக்குப் புரியும்."