ஓடி ஓடி நின்ற புல்வெட்டி

போன வருடம், கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள் காலை. நாங்கள் இருப்பது பெங்களூரு விவேக் நகரில். எங்கள் அன்பியத்துக்கு, அதாவது தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழுவுக்கு, கல்லறைத் தோட்டத்தின் பின்பகுதியைச் சுத்தம் செய்யும் பொறுப்பு. அம்மாவின் கல்லறை அங்கேதான், கடைசி வரிசையில் இருக்கிறது.

அதற்கு முந்தைய வருடம் அப்பாவால் அங்கே போக முடியவில்லை. பைக்கிலிருந்து விழுந்து காலில் கம்பி வைத்திருந்தார்கள். மழையில் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்ட புல்லில் தரை எது, கல்லறையின் சிமென்ட் விளிம்பு எது என்று தெரியாது. ஊன்றுகோலோடு கல்லறைத் தோட்ட வாசலிலேயே நின்றுவிட்டார். மெழுகுவர்த்தியை நான்தான் கொண்டுபோய் ஏற்றினேன். இந்த முறை அவரே ஏற்ற வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு அன்பியத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு பெட்ரோல் புல்வெட்டி வாங்கியிருந்தோம், செகண்ட் ஹேண்டில். தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் வகை. எங்கள் வீட்டில்தான் இருக்கும், அப்பாதான் அதற்குக் காவல். அன்று காலை எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள் அதை மாட்டிக்கொண்டார். கோலார் தங்கவயலில் இருந்து வந்தவர். இழுத்ததும் கிளம்பியது. ஒரு வரிசை முடிவதற்குள் இருமிவிட்டு நின்றது. கொஞ்ச நேரம் விட்டு இழுத்தால் ஓடியது, மறுபடி நின்றது.

"சூடாவுதுமா. வயசான மெஷினு, இன்னா பண்றது? நமக்கே ரெண்டு வரிசை நடந்தா மூச்சு வாங்குது" என்றார் அங்கிள்.

"உங்களுக்கு வாங்குனா மெஷினை ஏன் சொல்றீங்க?" என்றார் அரிவாளோடு குனிந்திருந்த அவர் மனைவி.

புல் வெட்ட ஆள் தேடிப் போன் செய்தோம். எல்லோருக்கும் அன்று வேறு இடத்தில் வேலை. அரிவாளால் வெட்டினால் முன் வரிசைகள் மட்டும் முடியும். பின்னால் இருப்பதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது.

"அங்கிள், அதைக் கீழ வைங்க. நான் பாக்குறேன்."

"உனக்கு கம்ப்யூட்டர்தானேம்மா தெரியும்?"

மருத்துவக் கருவிகளைச் சோதிக்கும் வேலை என்னுடையது. பெட்ரோல் எஞ்சினைத் தொட்டதில்லை. ஆனால் பழுது தேடும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து ஓட்டிப் பார்த்தேன். நின்றது. ஏர் ஃபில்டரைத் தட்டிப் போட்டேன். நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திருகியபோது 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு இழுத்தேன். உடனே கிளம்பியது.

எனக்கு அது இடித்தது. எஞ்சின் இன்னும் ஆறவே இல்லை. சூட்டினால் நின்றது என்றால் இப்போது எப்படி ஓடும்? அடுத்த தடவை நின்றதும் மூடியைத் தொடாமல் இழுத்தேன். கிளம்பவில்லை. மூடியைத் திறந்து மூடினேன். முதல் இழுப்பிலேயே ஓடியது.

பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று வர வேண்டும். அதற்கென்று மூடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அது அடைபட்டால் பெட்ரோல் இறங்காது. எஞ்சினை நிறுத்தி மூடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வாஷர் என்று நான் நினைத்திருந்தது, வட்டமாக வெட்டிய பால் கவர். நீல எழுத்துகூடத் தெரிந்தது.

தோட்ட வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"நீங்க வெச்சதாப்பா?"

"ஆமா. போன தடவை ஆட்டோல பெட்ரோல் சிந்தி அந்த டிரைவர் கத்துனான் இல்ல? உங்கம்மா எண்ணெய் பாட்டிலுக்கு வெப்பாளே, அதே மாதிரிதான். இன்னைக்கு ஒரு சொட்டு சிந்துச்சா பாரு."

"சிந்தலப்பா. எஞ்சினுக்கும் போகல."

அவர் என்னையும் பால் கவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னாலேயே வந்திருந்த ஆண்டி, "வயசாயிடுச்சின்னு சொன்னது யாரு?" என்று அங்கிளைக் கேட்டார். "சரி சரி, வேலையப் பாரு" என்று அவர் அந்தப் பக்கம் நகர்ந்தார்.

இனிமேல் டேங்கைக் காலி செய்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏற்றுவது என்று அப்பாவோடு பேசி முடித்தேன். பிறகு கண்ணாடியும் ஷூவும் போட்டுக்கொண்டு புல்வெட்டியை நானே மாட்டிக்கொண்டேன். கடைசி வரிசையிலிருந்து தொடங்கினேன். எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் சிமென்ட் விளிம்புகள் எல்லாம் வெளியே தெரிந்தன. அங்கிள் எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அதுதான் அவருடைய பாராட்டு.

மறுநாள் சாயங்காலம் அப்பா ஊன்றுகோலை ஊன்றி, நின்று நின்று நடந்தார். நான் பின்னால் போனேன், ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. மெழுகுவர்த்தியை அவரே ஏற்றினார். பிறகு அம்மாவிடம் சொல்வதுபோல், "புல்லை நல்லா வெட்டியிருக்கா உன் பொண்ணு" என்றார்.

இன்றும் அலுவலகத்தில் ஏதாவது ஒரு கருவி ஓடாமல் என் மேசைக்கு வந்தால், அது ஓடுவதற்காக எங்கோ ஒருவர் காத்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்போடுதான் அதைத் திறக்கிறேன்.