சேவ் பண்ணவா, வேண்டாமா?

கல்யாண பேனரும் கண்ணீர் அஞ்சலியும் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே நாளில், ஒரே கையால் தயாராவதுதான் எங்கள் டிசைனிங் தொழில். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிரிண்டிங் கடையில் பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஃபைலைத் திறப்பது, சேவ் பண்ணுவது, மூடுவது. நடுவில் கொஞ்சம் டிசைன். இதில் ஒரு தடவைகூட அடிபடாதவர்கள் தயவுசெய்து இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; மற்றவர்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

நாற்பத்திரண்டு பெயர்கள்

ஆவூரிலிருந்து ஒரு டீச்சர், தம்பி கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். உறவினர் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல டைப் செய்தேன். நாற்பத்திரண்டு பெயர்கள், இனிஷியலும் படிப்புமாக. முடித்து நிமிரவும் கரண்ட் போனது. யுபிஎஸ் இரண்டு தரம் கத்திவிட்டு அதுவும் அடங்கியது. கரண்ட் வந்து ஃபைலைத் திறந்தால் பூ பார்டர் மட்டும் இருக்கிறது. பார்டர் போட்டதற்கப்புறம் நான் சேவ் பண்ணவே இல்லை.

டீச்சர் தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து நிதானமாகச் சொன்னார். இந்தத் தடவை ஐந்து பெயருக்கு ஒரு சேவ். கடைசியில் எண்ணினால் நாற்பத்தொன்று. "அந்தோணிசாமி மாமான்னு ஒருத்தர் சொன்னீங்களே டீச்சர், விட்டுப்போச்சு" என்றேன். அவர் கைப்பையை மூடிக்கொண்டே சொன்னார்: "கரண்டுக்கே அவரைப் பிடிக்கல சிஸ்டர், நாம எதுக்கு வம்படியா சேக்கணும்?"

படகின் பெயர்

கோட்டைப்பட்டினத்து மீனவர் ஒருவர், புதுப் படகில் ஒட்டுவதற்கு மகள் பெயரை அழகாக எழுதிக் கேட்டார். 'ஆயிஷா' என்று எழுதி, அலை போல ஒரு வளைவு வைத்து, பென்டிரைவில் கொடுத்தனுப்பினேன். ஃபைலை மூடுமுன் எழுத்தைப் படமாக மாற்றியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் தாறுமாறாகிவிடும். மறந்துபோனேன். அவர் ஊர் ஸ்டிக்கர் கடைக்காரர் திரையில் வந்ததை அப்படியே வெட்டிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் போட்டோ வந்தது. நீலப் படகின் மேல் இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாக ஒரு வரி. உடனே சரிசெய்து அனுப்பிவிட்டு, மன்னிப்புக் கேட்கப் போன் செய்தேன். அவர் கோபப்படவில்லை. "அது கெடக்கு தங்கச்சி, நடுக்கடல்ல இந்தப் பேரைச் சொல்லி எவன் என்னையக் கூப்புடுவான்?"

கோவக்காரர்

என்னோடு வேலை பார்க்கும் ரெஜினாவுக்கு ஆட்களின் பெயர் நிற்காது, முகம்தான் நிற்கும். அதனால் ஃபைல்களுக்கும் அப்படியே பெயர் வைப்பாள்: 'மஞ்சச் சட்டை', 'ரெட்டைப் பிள்ளை அம்மா'. திருமயம் பக்கத்துக்காரர் ஒருவர், சென்னையில் வியாபாரம், வருடா வருடம் கோயில் விழா நோட்டீஸுக்கு வருவார். போன வருடம் ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனதற்குக் கடையே அதிரக் கத்தினார்.

இந்த வருடம் அவர் ரெஜினாவின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "பழைய ஃபைலை எடுங்கம்மா, தேதியை மட்டும் மாத்துவோம்" என்றார். ரெஜினா யோசிக்காமல் 'கோவக்காரர்' என்ற ஃபைலைத் திறந்தாள். அவருடைய நோட்டீஸ் விரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இப்ப பிரஷருக்கு மாத்திரை சாப்புடுறேன்மா, பேரை மாத்திடுங்க."

பழைய ஃபைலில் புது முகம்

ஒரு காலையில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்கு அவசரமாகக் கண்ணீர் அஞ்சலி பேனர் கேட்டார்கள். அளவு ஒன்றுதான் என்று, கையிலிருந்த கல்யாண பேனர் ஃபைலைத் திறந்து, படத்தையும் எழுத்தையும் மாற்றினேன். வேறு பெயரில் சேவ் பண்ணியிருக்க வேண்டும். அவசரத்தில் வெறும் சேவ் கொடுத்து மூடிவிட்டேன்.

மத்தியானம் குளத்தூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா கல்யாண பேனரைப் பார்க்க வந்தார். ஃபைலைத் திறந்தேன். மணமக்கள் இருக்க வேண்டிய இடத்தில் கண்டக்டர் சிரித்துக்கொண்டிருந்தார், மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கல்யாண வீட்டம்மாவுக்குப் போய் இதைக் காட்டிவிட்டோமே என்று மூடப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூடாதம்மா. இவரு எங்க ஊரு பஸ்ஸுல இருந்தவருல்ல? எம்மவன் வயித்துல இருந்தப்ப, நான் ஓட முடியாம வருவேன்னு தெனமும் வண்டியை நிறுத்தி வெச்சிருப்பாரு."

நல்லடக்கம் மாலை நான்கு மணி என்று இருந்ததை இரண்டு தரம் படித்தார். கல்யாண பேனரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "இவரு வீட்டுக்குப் பத்திரிகையோட போகணும்னு இருந்தேன், வெறுங்கையோட போறேன். நல்லவேளை காட்டுனியே தாயி."

இத்தனை வருடத்துக்கு அப்புறமும், 'சேவ் பண்ணவா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும்போது பதில் எனக்குத் தெரியும் என்று அது நம்புவதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.