உப்புக் கரித்த தீர்த்தம்

கோடை விடுமுறை விட்டால் போதும், திருவண்ணாமலை கிரிவலம் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் கூடிவிடுவார்கள். எத்தனை மணிக்குக் கிளம்பலாம், பிள்ளைகளை அழைத்துப் போகலாமா, வெறுங்காலோடுதான் நடக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, நான் முதன்முதலாக மலை சுற்றின கதையைச் சொல்லிவிடுகிறேன். எப்படிப் போகக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது.

1983, மே மாதம். அப்போது வேலூரில் குடியிருந்தோம். நான் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர், கல்யாணமாகி மூன்று வருஷம். அந்தத் தை மாதம் என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை கண்டு, படுத்த படுக்கையாகிவிட்டார். கீழாநெல்லி ஒரு பக்கம், ஆஸ்பத்திரி மருந்து ஒரு பக்கம். ஒருநாள் மதியம் கஞ்சி கொண்டுபோனபோது என்னை அடையாளம் தெரியாமல் யாரோ மாதிரிப் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்திலேயே வேண்டிக்கொண்டேன். அண்ணாமலையாரே, இவர் எழுந்து நடமாடினால் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உன் மலையைச் சுற்றி வருகிறேன் என்று. பங்குனியில் அவர் எழுந்து ஆபீசுக்கே போக ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்கூடம் மூடியதும் நான் மூட்டையைக் கட்டினேன்.

அவரும் கூடக் கிளம்பினார், எங்களோடு என் நாத்தனார் வசந்தாவும் வந்தாள். கல்லூரி லீவு. அவளுக்கு வேண்டுதல் எதுவும் கிடையாது. புளிசாதம், வடாம், ஒரு வெள்ளரிப்பிஞ்சுப் பை எல்லாம் கட்டிக்கொண்டு, பிக்னிக் போகிற உற்சாகத்தில் தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கும் ஒரு சரம் வைத்துவிட்டாள். கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. யோசித்திருக்க வேண்டியதுதான். யார் யோசித்தார்கள்?

விடியற்காலை நாலரை மணிக்கு வேலூரில் பஸ். எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், டிக்கெட் ஆறு ரூபாய் சொச்சம் என்று ஞாபகம். ஏழு மணிக்கு முன்பே இறங்கி நடையைத் தொடங்குவதாகத் திட்டம். கண்ணமங்கலத்துக்கு அந்தப் பக்கம் டயர் பஞ்சர். ஓட்டுநரும் நடத்துநரும் டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வயல் பக்கமிருந்து ஈரக் காற்று வந்தது. நான் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது போளூர் தாண்டியிருந்தது. எதிரே, வானத்திலேயே கொஞ்சம் நீலத்தை அடர்த்தியாகப் பூசி வைத்த மாதிரி, மலை நின்றது. அது தூக்கத்தின் மிச்சமா நிஜமா என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. இன்றைக்குக் கலெக்டர் ஆபீசும் வீட்டு மனைகளுமாகக் கிடக்கிற வேங்கிக்கால் அப்போது வெறும் வயல்வெளி. அதைக் கடக்கும்வரை அந்த நீலத்தை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

ஊருக்குள் இறங்கும்போது மணி ஏழே முக்கால். திங்கட்கிழமை. ராகு காலத்துக்கு ஒரு வாய்ப்பாடு சொல்வார்களே, "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை, அதில் திங்கள்தான் முதலில் நிற்கும். ஏழரை முதல் ஒன்பது. நேர்த்திக்கடனை ராகு காலத்தில் ஆரம்பிப்பார்களா? நான் ஒரே பிடிவாதமாக மறுத்துவிட்டேன். கிழக்குக் கோபுர வாசலில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டோம். அண்ணனும் தங்கையும் காபி குடித்தார்கள். காலையில் இருந்த நல்ல குளிர்ச்சியை எல்லாம் இப்படி உட்கார்ந்தே கழித்துவிட்டு, வெயில் சூடு பிடித்ததும் எழுந்து கிளம்பினோம். அந்த வாய்ப்பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அது எங்களைத்தான் கேட்கிறது என்று புரிந்திருக்கும்.

மொத்தம் பதினாலு கிலோமீட்டர். மலை எப்போதும் வலது கைப் பக்கம் இருக்கும். தெற்கே திரும்பிச் செங்கம் ரோட்டில் ஏறினால் அந்தக் காலத்தில் புளியமர நிழல் தாராளமாக இருந்தது. விடுமுறைக் கூட்டம் வேறு. சேமியா ஐஸ் சப்பிக்கொண்டு பிள்ளைகள், டிரான்சிஸ்டரைத் தோளில் மாட்டிய ஒரு அப்பா, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தலை குனிந்து போகிற வெளிநாட்டுக்காரர்கள். தாகம் அப்போதே எட்டிப் பார்த்தது. தாகம் வருவதுதானே விரதம் என்று சந்தோஷமாகவே இருந்தேன்.

ஐந்தாவது கிலோமீட்டர் வாக்கில் செங்கம் ரோட்டை விட்டு வலப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினதும் ஊர்ச் சத்தம் நின்றுபோகும். இன்றைக்குப் போனாலும் அந்த இடத்தில் என் காது அடைத்துக்கொள்ளும். மலை அங்கே வேறு முகம் காட்டும். கிழக்கிலிருந்து பார்த்தபோது ஒற்றையாக நின்றது, இப்போது மடிப்பு மடிப்பாகப் பிரிந்து நம் கூடவே நகர்கிற மாதிரி இருக்கும். நாம் நின்றால் அதுவும் நிற்கும். பதினோரு மணிக்குத் தார் ரோடு கொதித்தது. ஓரத்து மண்ணில் நடந்தோம். உள்ளங்கால் எரிந்தது, தலை விண்விண் என்று தெறித்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் இரண்டு தடவை, போதும் உட்காரலாம் என்றார். பாதியில் விட்டால் அவருக்கு மறுபடி ஏதாவது வந்துவிடும் என்ற பயம் எனக்கு. அதை வாய்விட்டுச் சொல்லவும் பயம். அதனால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தேன்.

இனிமேல் நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எங்கேயோ ஓரிடத்தில் தாகம் நின்றுவிட்டது. கால் எரிச்சலும் நின்றது. வெயில் வெள்ளையாக, மெத்தென்று, வெளுத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி என்னைச் சுற்றி ஆடியது. ரோட்டின் கடைசியில் தண்ணீர் மினுங்கியது, அந்தத் தண்ணீரின் மேல் மலை மிதந்தது. என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மலைக்குள்ளிருந்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சரியாகவே சொன்னார்கள். உடம்பு சில்லென்று புல்லரித்தது. மண் வாசனை வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை. சாமி என்னைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று நினைத்தேன். மழை வருது வசந்தா என்று சொன்னேனாம். அவள் முதலில் சிரித்திருக்கிறாள். அப்புறம் என் கையைப் பிடித்திருக்கிறாள்.

"அண்ணா, அண்ணி கை நெருப்பா இருக்கு. வேர்வையே இல்ல பாரு" என்று அவள் சொன்னது, கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரிக் கேட்டது. எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. எவ்வளவு சுகமாக இருக்கிறேன், இவள் ஏன் கெடுக்கிறாள் என்று. அடுத்த அடி வைத்தபோது காலுக்குக் கீழே ரோடு இல்லை.

ஆதி அண்ணாமலை ஊர் ஆரம்பிக்கிற இடம் அது. சுமார் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் வந்திருந்தோம். அவர் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு திகைத்து நிற்க, அடிபம்பில் குடத்தில் தண்ணீர் பிடிக்க வந்த ஒரு அம்மா ஓடி வந்தார். "இன்னாங்க பாத்துகினு நிக்கிறீங்க, நெழலுக்கு இட்டுகினு வாங்க" என்று அதட்டினார். புளியமரத்தடியில் படுக்க வைத்துக் குடத்துத் தண்ணீரைத் தலையிலிருந்து கால்வரை ஊற்றினார்கள். வசந்தா தாவணியை நனைத்து விசிறினாள். கொஞ்ச நேரத்தில் சுகம் போய்விட்டது. தலைவலியும் நடுக்கமும் குமட்டலுமாக உலகம் திரும்பி வந்தது. அந்த அம்மா சொம்பை வாயருகே கொண்டுவந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். தலையில் ஊற்றலாம், குடிக்க முடியாது என்று தெளிவாகவே சொன்னேன். சாகக் கிடந்தாலும் சட்டம் பேசினேன்.

வசந்தா அழுதாள், நான் மசியவில்லை. அவர் சொம்பை வாங்கிக்கொண்டு போனார். கண்ணை மூடிக் கிடந்த எனக்குப் பம்புக் கைப்பிடி கிறீச்சிடுவது நன்றாகக் கேட்டது. உப்பு இருக்காம்மா என்று அவர் தணிந்த குரலில் கேட்டதும் கேட்டது. அப்புறம் ஏதோ கிளை ஒடிகிற சத்தம்.

திரும்பி வந்தபோது அவர் நெற்றியில் விபூதி. கோயிலுக்கு வந்தால் வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கிற மனுஷன் அவர். சொம்பில் ஒரு வில்வ இலை மிதந்தது.

"கோயில் தீர்த்தம் கமலா. குருக்கள் குடுத்தாரு. தீர்த்தத்தால விரதம் கெடாதுனு சொன்னாரு."

உச்சி வேளையில் எந்தக் கோயில் நடை திறந்திருக்கும்? அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். தை மாதம் அந்தக் கஞ்சிக் கிண்ணத்தோடு நான் எப்படி நின்றேனோ அப்படி அவர் நின்றார். நான் ஒருத்திதான் அவருக்காக வேண்டிக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். என்னைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று அவரும் நடுங்குவார் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

குடித்தேன். உப்புக் கரித்தது. எந்த சாமி உப்புப் போட்டுத் தீர்த்தம் கொடுக்கும்? பச்சைத் தண்ணீர்தானே கூடாது, இது உப்புத் தண்ணீராயிற்றே என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்துக்கொண்டு மடக்கு மடக்காக உள்ளே இறக்கினேன். அடுத்த சொம்பு வந்தது, அது அம்மன் சன்னதித் தீர்த்தமாம். அதற்கடுத்தது பிள்ளையாருடையது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நவகிரகங்கள் ஒன்பதும் தீர்த்தம் கொடுத்திருக்கும்.

அந்த அம்மாவின் வீட்டு மாட்டுவண்டியில்தான் என்னை ஊருக்குள் கொண்டுபோய் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். குளுக்கோஸ் ஏற்றினார். இன்னும் அரை மணி போயிருந்தால் என்று ஆரம்பித்தவர், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டுவிட்டார். இரண்டு நாள் லாட்ஜில் படுத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள் விடியற்காலை, டாக்டர் சரி என்ற பிறகு, அதே புளியமரத்தடியில் போய் இறங்கி, விட்ட இடத்திலிருந்து மிச்ச தூரத்தை நடந்து முடித்தோம். இடுப்பில் ஒரு தண்ணீர் பாட்டில், கூடவே உப்புப் பொட்டலம். மலைக்குப் பின்னால் வெளுத்துக்கொண்டு வந்தது. பனி மூட்டமா அடுப்புப் புகையா தெரியவில்லை, பாதி மலையை அது மூடியிருந்தது. எனக்குக் கால் வலித்தது, தாகம் எடுத்தது, கழுத்தில் வேர்த்தது. அவ்வளவும் எனக்குப் பிடித்திருந்தது.

இனி உங்களுக்கு. கத்திரியில் போகிறீர்களென்றால் காலை நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள். நிதானமாக நடந்தாலும் நாலு மணி நேரத்தில் கோபுர வாசலுக்குத் திரும்பிவிடலாம். முடியாவிட்டால் மாலை ஐந்துக்குப் பிறகு. ராகு காலம் பார்க்கிறவர்கள் தாராளமாகப் பாருங்கள், கூடவே வெயில் எப்போது ஏறும் என்றும் பாருங்கள். ஒன்பது மணிக்கு மேல் தாரில் வெறுங்கால் வைக்காதீர்கள், பிள்ளைகளை வைக்க விடவே விடாதீர்கள். தலைக்கு ஈரத் துண்டு. தாகம் எடுக்கக் காத்திராமல் அவ்வப்போது குடியுங்கள். வெறும் தண்ணீரோடு உப்பும் உள்ளே போகட்டும், மருந்துக்கடைப் பொட்டலமோ நீர்மோரோ எதுவானாலும் சரி. கூட வருகிறவர் வேர்க்காமல் கொதித்தால், பேச்சு தடுமாறினால், எங்களைப் போல மரத்தடியில் பஞ்சாயத்து வைக்காதீர்கள். நிழலில் கிடத்தி உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே, உடனே ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். வழியெல்லாம் இப்போது ஆட்டோ இருக்கிறது. பாதியில் ஏறிவிட்டு இன்னொரு நாள் வந்து அதே இடத்திலிருந்து நடக்கலாம், மலை அங்கேயேதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நடு வெயிலில் திடீரென்று குளுகுளுவென்று சுகமாக இருந்தால் அதைச் சாமி வந்ததாக நினைக்காதீர்கள். உட்காருங்கள்.

தனியாகவும் போகாதீர்கள். பொய் சொல்லியாவது உங்களைக் குடிக்க வைக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்கு என்னை நன்றாக ஏமாற்றிவிட்டதாக என் வீட்டுக்காரர் நாற்பது வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார். எழுத்துப்பிழை பார்க்க இந்தப் பதிவை இப்போது அவரிடம்தான் கொடுக்கப்போகிறேன்.