கலியாணக் கார்ட்டில் ஒரு மிசிஸ்

மன்னாரை விட்டுக் கற்பிட்டிப் பக்கம் வந்து சேர்ந்த புதிதில் எங்களுக்கும் இங்கிலீசில் ஒரு பட்டம் கிடைத்தது. ஐ.டி.பி. நிவாரண அரிசி கொடுக்க வந்த ஐயாமார் தந்தது. இடம்பெயர்ந்த ஆட்கள் என்று அர்த்தமாம். பக்கத்து ஊர்க்காரர் அதையே தமிழில் அகதி என்றார்கள். அரிசி நின்றுபோனது. பட்டம் நிற்கவில்லை.

அன்றிலிருந்து இங்கிலீசுப் பட்டங்களை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். படித்தவள் இல்லை; குர்ஆன் ஓதப் போனதோடு சரி. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எந்த டீச்சரையும் மிஸ் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவளும் மிஸ். ஆண்பிள்ளை கலியாணத்துக்கு முன்னும் மிஸ்டர், பின்னும் மிஸ்டர். பெண்பிள்ளைதான் மிசிஸ் ஆனதும் தன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். எங்கள் ஆட்களிடம் அந்த வழக்கம் இல்லை. வாப்பாவின் பெயர் முன்னால், என் பெயர் பின்னால். நிக்காஹ் எழுதும்போதும் அதுதான், புருஷன் மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகும் அதுதான்.

என் மருமகன் புத்தளத்து ஆள், உப்பளம் உள்ள குடும்பம். அவருடைய வாப்பாவின் பெயருக்கு முன்னால் ஹஜ்ஜுக்குப் போய்வந்த அல்ஹாஜ், பின்னால் சமாதான நீதவான் என்கிற ஜே.பி. நடுவில் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

போன வருஷம் மூத்த பேத்திக்குக் கலியாணம். கார்ட்டை இங்கிலீசில் அடிப்பது என்று முடிவு. அதில் பெண்ணுடைய வாப்பா பக்கம், உம்மா பக்கம் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களின் பெயரும் ஊரும் போடுவார்கள். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மருமகன் என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மாமி, மிசிஸ் எண்டு போட்டு மாமாட பேர எழுதுறன். சரிதானே?”

“மாமா மவுத்தாகி எவ்வளவு காலம். அவரையா கலியாணத்துக்குக் கூட்டிட்டு வரப் போறீங்க?”

“அப்ப என்ன போடுற?”

“என்ட வாப்பாட பேர், என்ட பேர், எங்கட ஊர். வேற ஒண்டும் வேணாம் மருமகன்.”

“இங்கிலீசு கார்ட்ல அப்பிடிப் போடுறல்ல மாமி. ஊரும்... ஊர் வேணாமே. பெரிய பெரிய ஆக்கள் வாற.”

“மன்னார் எண்டு வாசிச்சா அவங்களுக்குக் காய்ச்சல் வருமா?”

குசினி வாசலில் தேத்தண்ணியோடு நின்ற என் மகள், “உம்மா, சும்மா இரிங்களே” என்றாள். மருமகன் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

கார்ட் வந்த அன்று பேத்திதான் வாசித்துக் காட்டினாள். அல்ஹாஜ் இருந்தார். ஜே.பி. இருந்தார். அவருடைய வீட்டுக்காரி ஹாஜியானியும் இருந்தார். என் மகள் ஒரு மிசிஸுக்குள் அடங்கிப்போயிருந்தாள். எனக்கு அந்த மிசிஸும் இல்லை. பேத்தி கார்ட்டைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கத்தில் இருக்குமோ என்று. பின்பக்கத்தில் பூ மட்டும்.

எங்கள் ஆட்கள் கார்ட்டைப் பார்த்து வருகிறவர்கள் இல்லை. கலியாண வீட்டுப் பெண் ஒருத்தி வாசலுக்குப் போய், வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கூடப்பிறந்தவளும் வரமாட்டாள். மன்னாரிலிருந்து வந்து குறிஞ்சிப்பிட்டியிலும் அதைச் சுற்றியும் இருக்கிறவர்களுக்குச் சொல்வது எப்போதும் என் வேலை. மகள் கார்ட் கட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“ஓட்டோ பேசியாச்சு உம்மா. நாளைக்குத் தொடங்குவோம்.”

“யாரு வந்து சொல்றெண்டு கேப்பாங்களே புள்ள?”

“என்ன கதை இது? ஒங்கள அவங்களுக்குத் தெரியாதா?”

“அவங்களுக்குத் தெரியும். கார்ட்டுக்குத் தெரியாதே. இதுல இல்லாத பொம்புள வாசல்ல போய் நிண்டா, ஸதக்கா கேட்டு வந்தவ எண்டு சில்லறையத் தந்து அனுப்புவாங்க.”

மகள் அழுதாள். எனக்கு முழங்கால் நோவு வந்துவிட்டது. கலியாணம் முடியும்வரை அது மாறவே இல்லை. மருமகன் கார்ட்டைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பிவைத்தார்.

கலியாண மண்டபத்தில் ஆறு பேருக்கு ஒரு சஹன் என்று பெரிய தட்டுகளில் சோறு வைத்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஹாஜியானியின் ஆட்கள் உட்கார்ந்து பாய் நிறைந்தது. எங்கள் ஆட்களுக்கென்று விரித்த பாய்களில் சஹன்கள் மூடியபடியே ஆறிக்கொண்டிருந்தன. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மருமகன் மகளிடம் கேட்டது எனக்கும் கேட்டது.

“மாமிட ஆக்கள் எங்க?”

மகள் என்னைப் பார்த்தாள். நான் அந்த மூடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணப்பெண் கதிரையில் இருந்த பேத்தி கையைக் காட்டிக் கூப்பிட்டாள். கிட்டப் போனேன். மை பூசிய கண்ணால் வெறும் பாய்களைக் காட்டினாள்.

“உம்மும்மா, எங்கட பக்கம் ஒருத்தரும் வரல்லயா?”

“சொல்லல்ல புள்ள.”

“ஏன் சொல்லல்ல?”

“சொல்றதுக்கு ஆள் இல்ல.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அவள் கையை விடவில்லை. படம் பிடிக்க வந்த பெண்பிள்ளை என்னைத் தோளில் தொட்டாள்.

“மெடம், கொஞ்சம் தள்ளி நிப்பீங்களா?”

தள்ளி நின்றேன்.