மாமா தைக்க மறுத்த செருப்பு

ஷூ கம்பெனியில் லைனுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் என் மாமனார் மாணிக்கம் இறந்த செய்தி சூப்பர்வைசர் வாயால்தான் எனக்கு வந்தது. "மெஷின ஆஃப் பண்ணும்மா, உங்க மாமா போய்ட்டாராம்" என்றார். கையில் இருந்த தையலை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அரைகுறையாக விட்டுவிட்டு வந்தேன் என்று தெரிந்தால் மாமா திட்டியிருப்பார்.

தோல் பதனிடும் ஷாப்பில் அவரோடு சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற உங்களுக்கெல்லாம் அவர் குரல் தெரியும், சிரிப்பும் தெரியும். படத்திறப்பு அன்று மைக்கில் பேசியவர்கள், "எதற்குமே மாட்டேன் என்று சொல்லாத மனிதர்" என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மாட்டேன் என்று சொன்னபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் குடியாத்தத்து நெசவுக் குடும்பத்துப் பெண். காதல் கல்யாணம். ஒன்பது வருஷமாக என் அப்பா ஆம்பூரில் எங்கள் தெருமுனைவரை வருவார், பேத்தியைக் கொஞ்சுவார். மாமா வீட்டுப் படி ஏறமாட்டார், ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டார். காரணம் சாதி. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

போன தை மாதம், பக்கத்தில் இருக்கும் பழைய இடம் ஒன்றைப் பார்த்து எழுதி வரும்படி மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அர்மாமலைக் குகைக்குப் போகலாம், இரண்டு தாத்தாவும் இரண்டு ஆயாவும் வந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தாள். வேன் பேசினோம். அப்பாவும் அம்மாவும் பஸ் ஸ்டாண்டில் நின்று ஏறிக்கொண்டார்கள்.

மாமாவின் பையில் ஊசியும் தடித்த நூலும் எப்போதும் இருக்கும். அடிவாரத்தில் மகளின் பை வார் பிய்ந்துவிட, உட்கார்ந்த இடத்தில் தைத்துக் கொடுத்தார். பாதி மலையில் அப்பாவின் செருப்பு அறுந்தது. அப்பா அதைக் கழற்றி மாமாவிடம் நீட்டினார்.

"சம்பந்தி, உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே. ஒரு தையல் போட்டுக் குடுங்க."

மாமா கை நீட்டவில்லை. "தெரியும். செய்யமாட்டேன்" என்றார்.

எல்லாரும் நின்றுவிட்டோம். அத்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். மாமா குரலை உயர்த்தவே இல்லை.

"எங்க வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணி குடிங்க சம்பந்தி. அப்புறம் எத்தினி செருப்பு வேணும்னாலும் தெச்சித் தர்றேன்."

சொல்லிவிட்டுத் தன் செருப்பைக் கழற்றி அப்பா பக்கம் தள்ளினார். "இத போட்டுக்கினு வாங்க. முள்ளு ஜாஸ்தி." அவர் வெறுங்காலோடு ஏறினார். அப்பா போட்டுக்கொண்டார். மாமாவின் செருப்பு அப்பாவுக்கு ஒத்துக்கொண்டது, மாமா வீட்டுத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

மேலே பாறைக்கு அடியில் பெரிய குகை. அந்தக் காலத்துச் சமணத் துறவிகள் உள்ளே சுடாத மண் செங்கல்லால் சுவர் வைத்து, அறைகளாகத் தடுத்துத் தங்கியிருந்த இடம். கூரைப் பாறையில் அழிந்தது போக மிச்சமிருந்த ஓவியத்தை அண்ணாந்து பார்த்தோம். மகள், "இந்த வீட்டுக்குக் கதவே இல்லியா தாத்தா?" என்று மாமாவிடம் கேட்டாள்.

"இல்ல கண்ணு. அதான் குடியாத்தம் தாத்தா உள்ள வந்துட்டாரு."

அப்பாவைத் தவிர எல்லாரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது என் அம்மா.

படத்திறப்புக்கு முந்தின நாள் என் தம்பி போன் செய்தான். "நம்மாளுங்க வர்றாங்க. அவங்களுக்கு மட்டும் கடையில பாட்டில் தண்ணி வாங்கி வெச்சிடுக்கா. பேஜார் பண்ணாத."

"வாங்கத் தெரியும்டா. வாங்கமாட்டேன்" என்றேன்.

மறுநாள் அப்பா வாசல் பந்தலில் நின்று படத்துக்கு மாலை போட்டார். கண் கலங்கியிருந்தது. அது பொய்யில்லை. வீட்டுச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினேன்.

"அப்புறம் குடிக்கிறேம்மா."

"இன்னும் எப்போப்பா? கேட்ட மனுஷனே போய்ட்டாரு."

அப்பாவின் கை நீளவில்லை. நான் சொம்பைத் திரும்ப உள்ளே கொண்டுபோகவில்லை. அத்தனை பேர் பார்க்க, அங்கேயே அண்ணாந்து முழுவதையும் குடித்தேன். அழுதுகொண்டே குடித்ததில் புரையேறியது.

மாமாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த "மாட்டேன்" ஒன்றைத்தான். அதைச் சொல்லும்போது அவரிடம் இருந்த நிதானம் எனக்கு இன்னும் வரவில்லை, குரல் நடுங்குகிறது. நடுங்கட்டும். அப்பா அடுத்த முறை வரும்போதும் வீட்டுத் தண்ணீரைத்தான் நீட்டுவேன்.