நின்றால் புதையும்

“பார்ஜை நிறுத்திட்டோம்மா. நீ போட்ட கணக்கு தப்பு.”

சென்னை ஆபீசிலிருந்து மேனேஜர் இப்படிச் சொன்னபோது நான் கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். கணக்கு தப்பு என்றதைவிட, நிறுத்திட்டோம் என்றதுதான் எனக்குச் சுரீரென்றது. பார்ஜ் ஒரு நாள் சும்மா நின்றாலே கோடிக்கணக்கில் நஷ்டம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பார்ஜ் என்பது கடலுக்கடியில் குழாய் போடுகிற கப்பல். அதன் மேல்தட்டில் ஒவ்வொரு பைப்பாக வெல்டிங் அடித்துச் சேர்ப்பார்கள். ஒரு ஜாயின்ட் முடிந்தால் பார்ஜ் ஒரு பைப் நீளம் முன்னால் நகரும். பின்பக்கம் குழாய் வளைந்து இறங்கி, கடல் தரையில் போய் உட்காரும். தரை களிமண்ணாக இருந்தால் கொஞ்சம் புதையவும் செய்யும். எவ்வளவு புதையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை.

குழாயின் உயரத்தில் கால்வாசி புதையும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். ஆர்.ஓ.வி. என்கிற ரோபோ கேமரா கீழே போய்ப் பார்த்தால், மூன்று இடங்களில் பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது. அடுத்த இரண்டு கிலோமீட்டரில் அப்படி ஆகவே கூடாது. சூடான எண்ணெய் ஓடும்போது குழாய் நீளும். அந்த நீளத்தை வாங்கிக்கொள்ள, அந்தப் பகுதியில் குழாய் பக்கவாட்டில் நகர வேண்டும் என்பது டிசைன். ஆழமாகப் புதைந்தால் மண் பிடித்துக்கொள்ளும். குழாய் வேறு எங்காவது மடங்கும். அப்புறம் தூக்கி எடுத்துத் திரும்பப் போட வேண்டியதுதான். நான் தனியாகக் கையெழுத்துப் போட்ட முதல் கணக்கு அது.

“மண் சாம்பிளை மறுபடி டெஸ்ட் பண்ணட்டும். நாளைக்குப் பேசிக்கலாம். அதுவரைக்கும் பார்ஜ் நிக்கட்டும்” என்றார் மேனேஜர். நல்ல மனிதர்தான். பதற்றம் வந்தால் மட்டும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்.

“அரை மணி நேரம் குடுங்க சார்” என்று சொல்லிவிட்டு, பார்ஜ் சூப்பர்வைசர் செல்லத்துரை அண்ணாச்சியைப் போனில் கூப்பிட்டேன். மணியாச்சிப் பக்கத்துக்காரர். பார்ஜில் எந்த நிமிடம் என்ன நடந்தது என்று லாக் புத்தகம் எழுதுகிறவர்.

தூறல் ஆரம்பித்தது. கீழே இறங்கினால் சிக்னல் கிடைக்காது. தீப்பெட்டிக் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஓடிவந்து குடை பிடித்தார். எனக்கு இல்லை, லேப்டாப்புக்கு.

“அண்ணாச்சி, நான் இடத்தச் சொல்லுதேன். அங்கன என்ன நடந்துச்சுன்னு லாக்கப் பாத்துச் சொல்லுங்க. பதினோராவது கிலோமீட்டர் முடியுத இடம்?”

“வெல்டிங் சரியில்லன்னு வெட்டி எடுத்துட்டு மறுபடி அடிச்சோம். மூணு மணி நேரம்.”

“பதிமூணு தாண்டி?”

“நங்கூரம் சிக்கிட்டு. ரெண்டு மணி நேரம் போச்சு.”

“பதினாலரை?”

“அங்கனயும் வெல்டிங் ரிப்பேர்தான். ஏன் தாயி, நாங்க நின்ன இடமா பாத்துக் கேக்குதீங்க?”

அவர்கள் நின்ற இடம் எனக்கெப்படித் தெரியும்? குழாய் புதைந்த இடங்களைத்தான் நான் வாசித்தேன்.

“அண்ணாச்சி, மழை பெஞ்ச கரிசக்காட்டுல டிராக்டர் சும்மா நின்னா எவ்வளவு இறங்கும்?”

“கொஞ்சம் பதியும். அம்புட்டுதான்.”

“முன்னயும் பின்னயும் ஆட்டுனா?”

அந்தப் பக்கம் ஒரே கத்தல்: “அட, மண்ணு குழைஞ்சுல்லா போயிரும்! ஆக்சில் வரைக்கும் இறங்கிருமே! அலையில நம்ம பார்ஜ் ஏறி இறங்குத ஆட்டத்துல கீழ குழாயும் அதத்தான் செய்யுதா?”

அதேதான். நகர்ந்துகொண்டே இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்ச நேரம்தான் ஆட்டம். நின்றுவிட்டால் ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் குத்திக்கொண்டே இருக்கும். ஓடுகிற பார்ஜுக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, நிற்கிற பார்ஜை நான் நினைத்தே பார்க்கவில்லை. கரிசல் சேற்றில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வீடு வந்து வளர்ந்தவள் செய்கிற தப்பா இது? என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். “சார், நிறுத்தினதுதான் வினை. நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் குழாய் உள்ள போகுது. இப்பவே நகரச் சொல்லுங்க. நிக்காமப் போனா கால்வாசிதான் புதையும்.”

“தப்பாப் போச்சுன்னா?”

“என் பேர எழுதிக்கோங்க சார்.”

மேனேஜர் ஒரு எல்லை வைத்தார்: “ஐந்நூறு மீட்டர். அதுக்கு மேல ஒரு பைப் இறங்கக் கூடாது.”

அண்ணாச்சி நல்ல கைகளாகப் பார்த்து வெல்டிங்குக்கு நிறுத்தினார். “ஏலே, இன்னைக்கு ஒருத்தனும் ரிப்பேர் வைக்கப்படாது. டீக்குக்கூட ஆள் மாத்தி ஆள்தான் போவணும்” என்று அவர் அதட்டியது போனில் கேட்டது. மதியச் சோற்றில் இரண்டு வாய் தின்றுவிட்டு மறுபடி மாடிக்கு ஏறிவிட்டேன்.

சாயங்காலம், ஐந்நூறு மீட்டர் முடிவதற்குள்ளேயே ஆர்.ஓ.வி. படம் வந்தது. அதைத் திறப்பதற்குள் அண்ணாச்சியின் போன் வந்துவிட்டது. “தாயி! குழாய் முதுகு பூரா வெளிய தெரியுது! கால்வாசிக்கு மேல ஒரு இடத்துலயும் போவல!” அவருக்குப் பின்னால் பார்ஜே விசில் அடித்தது. நான் மாடியில் குதித்த குதியில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். பாம்பு என்று நினைத்தாளாம்.

மேனேஜர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: “ஓட்டுங்க.” இரண்டு கிலோமீட்டர் குழாயும் தங்குதடை இல்லாமல் உட்கார்ந்தது. காலையில் நிறுத்திவைத்த இடம் மட்டும் ஆழமாகப் போயிருந்தது. நல்லவேளை, அது அந்தப் பகுதிக்கு வெளியே இருந்தது.

ரிப்போர்ட்டின் முதல் வரியாக, ‘நிற்கும் பார்ஜை நான் கணக்கில் சேர்க்கவில்லை, தவறு என்னுடையது’ என்று எழுதினேன்.

“அத எடுத்துடும்மா. கிளையன்ட் படிப்பாங்க” என்றார் மேனேஜர்.

“படிக்கட்டும் சார்.”

படித்தார்கள். அடுத்த குழாய்க்கு, எந்த இடத்தில் எத்தனை நிமிடம் நிற்கலாம் என்று கிலோமீட்டர்வாரியாக எழுதித் தர ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். என் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். காரணம் கேட்ட மேனேஜருக்கு அவர்கள் சொன்ன பதிலை அவரே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “முதல் வரியப் படிச்சோம். மீதிக் கணக்கையும் நம்பலாம்னு தெரிஞ்சுபோச்சு.”