லாக் ஃபைலுக்கு வேறு இடம்

காது பரிசோதனை நிலையத்தின் வரவேற்பு மேசையில் இருப்பவளுக்கு ‘நிதானம்’ என்று பெயர் வைத்ததே டாக்டரம்மாதான். தலை போகிற அவசரமானாலும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் எழுந்திருப்பாள். ஃபோன், கம்ப்யூட்டர், அழுகிற குழந்தைகள் எல்லாம் அவள் பொறுப்பு.

அன்று காலை கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டது. வந்துபோனவர்களின் பதினோரு வருடக் கேட்டல் வரைபடங்கள் அதற்குள் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை. வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி, கோப்புகளை மவுஸால் இழுத்து அதில் போட்டுப் பார்த்தாள். கெட்டுப்போன ஒரு கோப்பில் முட்டி எல்லாமே நின்றது. கெட்டதைத் தாண்டிப் போகிற பேக்கப் மென்பொருளைப் போன வாரம்தான் சிஸ்டம் நிர்வாகி போட்டிருந்தார். அதை ஓட்டினால், லாக் ஃபைலில் எழுத அனுமதி இல்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது.

எதையெதை நகலெடுத்தோம் என்று மென்பொருள் குறித்துவைக்கும் கோப்பு அது. நிர்வாகி முதல் தடவை, எல்லா அதிகாரமும் உள்ள தன் ரூட் கணக்கிலேயே ஓட்டிப் பார்த்து, ஜோராக ஓடுகிறது என்று பீற்றிக்கொண்டு போயிருந்தார். அப்போது உண்டான கோப்பு அவர் அதிகாரத்துக்குப் போய்விட்டது. வரைபடங்களைப் படிக்க இவளுக்கு உரிமை உண்டு, வெளி டிஸ்க்கில் எழுதவும் உண்டு. ஆனாலும் குறிப்பெழுத முடியாவிட்டால் வேலையே செய்யமாட்டேன் என்று மென்பொருள் அடம்பிடித்தது. இந்த ரக ஊழியர்கள் இல்லாத ஆபீஸ் எது?

நிர்வாகி வெளியூரில் இருந்தார். பாஸ்வேர்டை ஃபோனில் சொல்ல மாட்டாராம், திங்கட்கிழமை வருவாராம், அதுவரை எதிலும் கை வைக்கக் கூடாதாம். திங்கள் வரை டிஸ்க் தாங்குமா என்று கேட்பதற்குள் ஃபோனை வைத்துவிட்டார்.

அவள் மென்பொருளின் உதவிக் குறிப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தாள். டாக்டரம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். அறுபத்து சொச்சம் வரிகளுக்குக் கீழே விஷயம் கிடைத்தது: லாக் ஃபைல் எங்கே இருக்க வேண்டும் என்பதை ஓட்டுகிறவரே சொல்லலாம். தன் கணக்கிலேயே ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அந்த இடத்தைக் கொடுத்தாள். யார் பூட்டையும் உடைக்கவில்லை. மென்பொருள் சமர்த்தாக ஓட ஆரம்பித்தது.

மதியம் நகல் முடிந்தது. மூன்று மணிக்கு கம்ப்யூட்டரின் டிஸ்க் ஒரேயடியாக உயிரை விட்டது.

நாலு மணிக்கு ஒரு தாய் தன் மகளை அழைத்து வந்தாள். பிள்ளைக்குக் காது மேலும் மந்தமாகிக்கொண்டே வருகிறதோ என்ற பயத்தில் அவள் சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது. பழைய வரைபடம் இருந்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. நிதானம் வெளி டிஸ்க்கை டாக்டரம்மாவின் லேப்டாப்பில் செருகி, அதை நகலிலிருந்து திறந்தாள். டாக்டரம்மா அன்று எடுத்த வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து, விரலால் இரண்டின் கோடுகளையும் தொட்டுக்கொண்டே போனார்.

“காது கேக்கறது குறையவே இல்லைம்மா. மூணு வருஷமா அப்படியேதான் இருக்கு.”

தாய் சட்டென்று அழுதுவிட்டாள். மேசைக்குப் பின்னால் நிதானமும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்காக அழுகிறார்கள் என்று தெரியாமல் சின்னவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

“நல்லதாத்தான் சொல்றாங்க கண்ணு,” என்றாள் தாய், அவள் காதருகே குனிந்து, உரக்க.